மனிதக் குடியிருப்புகள் பெருகிக்கொண்டே போகும் இடத்தில் செந்நாய் போன்ற அரிய வேட்டை விலங்கைக் காப்பாற்ற முடியுமா? வேலி போட்டுப் பிரித்துவிடுவதுதானே நல்லது?

முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த வேலையில் பாதிக்கு மேல் ஊருக்குள் கிடக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், வாசலில் படுத்திருக்கும் நம் நாய்க்குத் தடுப்பூசி போடுவதில் கிடக்கிறது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

நான் நீலகிரி மாவட்டத்தில், முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடிப் பக்கம் வளர்ந்தவன். அப்பா பட்டி மாடு வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் மாடு வளர்ப்பது பாலுக்காக மட்டும் இல்லை, சாணத்துக்காகவும்தான். பகலெல்லாம் மேய்ந்துவிட்டு இரவில் பட்டியில் அடையும் மாடுகளின் சாணத்தைக் காயவைத்து மூட்டை கட்டினால் கேரளத்துக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் லாரி ஏறிவிடும். அதனால் மாடு மேயப் போயே ஆக வேண்டும். மேய்ச்சல் என்றால் எங்களுக்குக் காட்டோரம்தான். மாட்டோடு ஆள் போவார், ஆளோடு நாய் போகும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பதிமூன்று வயது இருக்கும். பள்ளி விடுமுறை. மாட்டோடு நான் போயிருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் புதருக்குள் இருந்து யாரோ மெதுவாகச் சீட்டி அடித்தார்கள். பக்கத்துப் பட்டி ஆள் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் பதிலுக்கு நானும் அடித்தேன். இன்னொரு பக்கத்தில் இருந்து இன்னொரு சீட்டி. நாய் என் காலுக்கு நடுவே வந்து ஒண்டியபோதுதான் புரிந்தது. செந்நாய்கள் குரைப்பதில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் கூட்டம் பிரிந்துவிட்டால் ஒன்றையொன்று தேடிக்கொள்வது இந்தச் சீட்டியால்தான்.

எண்ணிப் பார்த்தேன், ஒன்பது. நம் ஊர் நாயைவிடப் பெரிய உருவம் ஒன்றுமில்லை. செங்கல் நிற உடம்பு, முனையில் கறுத்துத் தொங்கும் அடர்த்தியான வால், வட்டமான காது. பின்தங்கி வந்த ஒரு கன்றைச் சுற்றிக்கொண்டன. கல்லெடுத்து எறிந்தேன். பத்தடி பின்வாங்கி நின்று பார்த்தன. நான் நின்றால் அவை நகரும், நான் ஓடினால் அவை விலகும், ஒன்றுகூட என்மேல் பாயவில்லை. கடைசியில் பயந்து மற்ற மாடுகளை ஓட்டிக்கொண்டு பட்டிக்கு வந்துவிட்டேன். அப்பாவோடு திரும்பிப் போனபோது தோல், மண்டை, இரைப்பையில் இருந்த புல் இவ்வளவுதான் மிச்சம்.

மறுநாள் இழப்பீட்டுக்காக வனத்துறையில் இருந்து விசாரிக்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "உடல் எங்கே?" புலி அடித்தால் பாதி உடலாவது கிடக்கும், கழுத்தில் பல் பதிந்த தடம் இருக்கும், படம் பிடித்து மனுவோடு வைக்கலாம். செந்நாய் அடித்ததில் காட்டுவதற்கு ஒன்றுமே மிஞ்சாது. எங்களுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. அன்று மாலை பக்கத்துப் பட்டி மாமா வந்து, "மிச்சத்துல மருந்து வைச்சுடலாம், எல்லாம் ஒழியும்" என்றார். அப்பா சம்மதிக்கவில்லை. காட்டின் மேல் பாசம் என்று தவறாக நினைத்துவிடாதீர்கள். "மருந்து வைச்சா மொதல்ல சாகறது நம்ம நாய்தான் மச்சான்" என்றார், அவ்வளவுதான்.

அந்த விஷம் அத்தோடு நிற்பதும் இல்லை. தமிழ்நாட்டில் பாறுக் கழுகுகளுக்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான இடம் எங்கள் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. செத்த மாட்டில் வைக்கும் விஷத்தைச் செந்நாய் தின்னும், கழுதைப்புலி தின்னும், கழுகு கூட்டமாக இறங்கித் தின்னும். ஒரு கன்றுக்கு வர வேண்டிய பணம் ஒழுங்காக வந்து சேராததற்கு இத்தனை உயிர்கள் விலை கொடுக்கும். இழப்பீடு என்பதை ஏதோ ஏழைக்குப் போடும் பிச்சை மாதிரி பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். காட்டைக் காப்பாற்றும் செலவுகளிலேயே மலிவானது அதுதான். உடல் இல்லாவிட்டாலும் காலடித் தடம், எச்சம், தோல், பக்கத்துப் பட்டிக்காரர் சாட்சி இவற்றை வைத்து ஒரே வாரத்தில் பணம் கைக்கு வர வேண்டும். ஆறு மாதம் கழித்து வந்தால், அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டிருப்பார்கள்.

சரி, செந்நாய் எவ்வளவு அரிது? பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக வைத்திருக்கிறது. இனப்பெருக்கம் செய்யக்கூடிய வளர்ந்த விலங்குகள் உலகம் முழுக்கச் சேர்த்து சுமார் 949 முதல் 2,215 வரைதான் இருக்கும் என்பது அவர்களுடைய 2015 மதிப்பீடு. புலிக்குக் கிடைக்கும் கவனத்தில் நூறில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை. எண்ணுவதே கடினம். புலிக்கு வரி, சிறுத்தைக்குப் புள்ளி, ஆளை அடையாளம் கண்டுவிடலாம். செந்நாய் எல்லாம் ஒரே சிவப்பு. காட்டுப் பாதைகள் பிரியும் முனைகளில் கூட்டம் முழுவதும் ஒரே இடத்தில் எச்சமிடும் பழக்கம் இதற்கு உண்டு. அந்த எச்சத்தைப் பொறுக்கி, மரபணுவைப் பிரித்துத்தான் இப்போது கணக்கெடுக்கப் பார்க்கிறார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் இதைப் பூச்சி புழு மாதிரிதான் நடத்தினார்கள். கொன்று கொண்டுவந்தால் பணம். காரணம் இரண்டு. ஒன்று, துப்பாக்கிக்காரர்கள் சுட வேண்டிய மானை இது தின்றுவிடுகிறதாம். இரண்டாவது, அது கொல்லும் விதம். புலி மாதிரி தொண்டையைப் பிடித்து ஒரே அமுக்கில் முடிக்கத் தெரியாது. ஓட ஓடக் குடலைப் பிடுங்கி, உயிர் இருக்கும்போதே தின்னத் தொடங்கிவிடும். பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் பதினைந்து கிலோ உடம்பை வைத்துக்கொண்டு பத்து மடங்கு எடையுள்ள கடமானை வேறெப்படி வீழ்த்துவது? 1972 வனவிலங்குச் சட்டம் வந்த பிறகுதான் இந்தத் தலைக்குப் பணம் வழக்கம் ஒழிந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1970-களின் பிற்பாதியில், நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங் பந்திப்பூரில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து செந்நாய்க் கூட்டத்தைப் பார்த்து எழுதினார். அதுவரை சிவகாசியில் கல்லூரி ஆசிரியர். இந்த விலங்கைக் கொலைகாரனாகப் பார்க்காமல் குடும்பமாகப் பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்த ஆள் என்று அவரைச் சொல்வேன்.

குடும்பம் என்று சும்மா சொல்லவில்லை. கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு ஜோடிதான் குட்டி போடும். மற்றவை எல்லாம் அத்தை, சித்தப்பா வேலை பார்க்கும். வேட்டைக்குப் போய் வயிறு நிறையத் தின்று வந்து, குட்டியின் முன்னால் கக்கிக் கொடுக்கும். குட்டி வாயை நக்கினால் கக்கும். பெரியவையும் ஒன்றையொன்று பார்த்ததும் வாயை நக்கிக்கொள்ளும். எங்கள் பக்கம் நவம்பர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை இந்தக் குட்டிக் காலம். அந்த நேரத்தில் குகைப் பக்கம் விறகுக்கோ, படம் எடுக்கவோ ஆள் போனால், இரவோடு இரவாகக் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறும்.

இன்னொரு தொல்லை, இது பகல் வேட்டைக்காரன். சிறுத்தை ஊருக்குப் பக்கத்திலேயே வாழ்ந்துவிடுவது எப்படி? நாம் தூங்கும்போது அது விழித்திருக்கிறது. செந்நாய் காலையிலும் மாலையிலும், நாம் நடமாடும் அதே வெளிச்சத்தில் வேட்டையாடும். மாடும் மேய்ப்பவனும் நாயும் சுற்றுலா ஜீப்பும் அதன் வேலை நேரத்திலேயே காட்டில் இருக்கிறார்கள். (ஜீப் ஓட்டுநர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். செந்நாய் மான் பிடிப்பதைப் பார்த்ததும் எட்டு வண்டி சுற்றி நின்றால், அது இரையை விட்டுவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.)

இப்போது நாய்க்கு வருகிறேன்.

பெரியவனான பிறகு நான்கு ஆண்டுகள், காட்டோர ஊர்களில் நாய்களுக்குத் தடுப்பூசி போடும் குழுவோடு திரிந்தேன். என் வேலை நாயைப் பிடிப்பது. மருத்துவர் ஊசி போடுவார். காலை ஐந்தரைக்குப் பட்டியில் இருக்க வேண்டும், மாடு கிளம்பிவிட்டால் நாயும் கிளம்பிவிடும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மருந்துக் குப்பிகள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் போட்டும் பயனில்லை. ஒரு கையில் கருவாடு, இன்னொரு கையில் கிழிந்த சேலைத் துணி. நாய் கருவாட்டை மோந்து பார்க்கும் நொடியில் துணியை மூக்கின் மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் இன்னொரு முடிச்சு. முடிச்சு தளர்ந்தால் கடிபடுவது நான். இரண்டு முறை பட்டிருக்கிறேன். ஊசி போட்டதும் முதுகில் நீலச் சாயத்தில் ஒரு கோடு. மாலையில் ஊரைச் சுற்றி வந்து கோடு இருப்பது எத்தனை, இல்லாதது எத்தனை என்று எண்ணுவோம். நூற்றுக்கு எழுபது நாய்க்குப் போட்டுவிட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

வெறிநோய் ஊசிக்கு யாரும் மறுப்பதில்லை, அது மனிதனுக்கும் வரும். டிஸ்டெம்பர், பார்வோ ஊசிக்குத்தான் "எதுக்கு?" என்பார்கள். அந்த இரண்டும் நம்மைத் தொடாது. டிஸ்டெம்பர் வந்த நாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி, அப்புறம் தலை வெட்டி வெட்டி இழுக்கும். பார்வோ வந்தால் குட்டி ரத்தமாகக் கழிந்து சாகும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மாட்டோடு காட்டுக்குப் போகிற நாய் பாதை முனையில் காலைத் தூக்கும், எச்சமிடும். அதே முனையில்தான் செந்நாய்க் கூட்டமும் எச்சமிடும், மோந்து பார்க்கும். பிறகு வாயை நக்கிக்கொள்ளும், குட்டிக்குக் கக்கிக் கொடுக்கும். புலிக்கு நோய் வந்தால் தனியாகப் படுத்துச் சாகும். செந்நாய்க்கு வந்தால் குடும்பமே போகும். அதன் பாசமே அதற்கு எமன்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. எத்தியோப்பியாவின் பாலே மலைகளில் எத்தியோப்பிய ஓநாய் என்று ஒன்று இருக்கிறது. உலகத்தில் மொத்தம் ஐந்நூறு இருந்தால் அதிகம். மலையில் ஆடு மாடு மேய்ப்பவர்களின் நாய்களில் இருந்து வெறிநோய் பரவி, கூட்டம் கூட்டமாகச் செத்திருக்கின்றன. இப்போது நாய்களுக்கு ஊசி போடுவதோடு, ஓநாய்களுக்கே இறைச்சித் துண்டில் மருந்து வைத்துக் கொடுக்கிறார்கள். குஜராத்தின் கிர் காட்டில் 2018-இல் சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. அவற்றிடம் டிஸ்டெம்பர் கிருமி இருந்தது தெரிந்தது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வாழும் ஐபீரிய லிங்க்ஸ் என்ற காட்டுப் பூனை 2002 வாக்கில் நூற்றுக்கும் கீழே போய்விட்டது. முயல்களைப் பெருக்கி, நில உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போட்டு, சாலைக்கு அடியில் வழி வைத்து, 2023-இல் இரண்டாயிரத்தைத் தாண்ட வைத்துவிட்டார்கள். உங்கள் கேள்வியில் இருக்கும் "முடியுமா" என்பதற்கு என்னிடம் இருக்கும் மிகப் பெரிய சான்று அதுதான். அந்த லிங்க்ஸையும் நடுவில், 2007-இல், பூனை ரத்தப்புற்றுக் கிருமி வந்து ஆட்டிப் பார்த்தது. அது வீட்டுப் பூனைகளில் சாதாரணமாக இருக்கும் கிருமி.

செந்நாய் இல்லாமல் போனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்குப் பூட்டானைச் சொல்வேன். 1970-களில் மாடு பிடிக்கிறது என்று அங்கே செந்நாய்க்கு விஷம் வைத்தார்கள், அரசே முன்னின்று. ஏறத்தாழ ஒழித்தும்விட்டார்கள். அப்புறம் காட்டுப்பன்றி பெருகியது. வயலும் சோளமும் போயின, விவசாயி இரவெல்லாம் பரணில் உட்கார்ந்து காவல் காக்க வேண்டியதாயிற்று. 1990-களில் செந்நாய் மெல்லத் திரும்பி வந்தபோது, முன்பு அதை விரட்டிய ஊர்களுக்கே அதன் பயன் தெரிந்திருந்தது. கூடலூர்ப் பக்கம் பன்றி தோண்டிய தோட்டத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வேலி பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒரு செந்நாய்க் கூட்டத்துக்குப் பல பத்து சதுர கிலோமீட்டர் தேவை. முதுமலை, பந்திப்பூர், வயநாடு, நாகரகொளே எல்லாம் ஒட்டியிருப்பதால்தான் இந்தப் பக்கம் அது பிழைத்திருக்கிறது. ஒரு கூட்டத்தில் பிறந்த குட்டி வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போக வேண்டும், வழியை அடைத்துவிட்டால் எங்கே போகும்? எங்கள் சீகூர் பக்கம் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகள் பற்றிய வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் வழித்தடத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பேச்செல்லாம் யானையைப் பற்றி. ஆனால் யானை நடக்கும் வழியில் செந்நாயும் நடக்கும், செலவில்லாமல். பந்திப்பூர்ச் சாலையை 2009-இல் இருந்து இரவு 9 முதல் காலை 6 வரை மூடுவதும் நல்லதுதான், ஆனால் பகல் விலங்கான இதற்கு அதனால் கிடைப்பது பாதி நன்மை. பகலில் வேகத்தைக் குறைப்பதுதான் இதற்கு உதவும். உண்ணிச்செடி புல்லை மூடிவிட்டதால் மான் குறைவது, பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் செந்நாய் கால் மாட்டுவது, இவையும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனிப் பதிலுக்கு உரியது.

ஊசியைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாய் ஏன் பெருகுகிறது? சாப்பாடு கிடைப்பதால். விடுதிகள் பெருகின, சாப்பாட்டு மிச்சம் பெருகியது, கோழிக்கடைக் கழிவை ஓடையில் கொட்டினார்கள். நாங்கள் ஒரு ஊரில் நாற்பது நாய்க்கு ஊசி போட்டுவிட்டு அடுத்த ஆண்டு போனால் அறுபது நாய் இருக்கும், அதில் பாதி புதுசு. எழுபது சதவீதக் கணக்கு முதலில் இருந்து தொடங்கும். ஊர் பெருகுவதால் காடு அழிகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். என் அனுபவத்தில் ஊரின் ஆள் கணக்கைவிட அதன் குப்பைத் தொட்டிதான் செந்நாய்க்கு அதிகக் கேடு செய்கிறது. மூடி போட்ட தொட்டி, இரண்டு நாளைக்கு ஒருமுறை வண்டி. இதைக் கேட்டால் யாரும் புகைப்படம் எடுக்க வரமாட்டார்கள்.

ஒரு பட்டியில் பாட்டி ஒருவர் மூன்று ஆண்டுகள் எங்களை உள்ளே விடவே இல்லை. "ஊசி போட்டா நாய் சோம்பேறி ஆயிரும், காவல் காக்காது" என்பார். நாங்கள் வருவது தெரிந்தால் நாயைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிச் சாக்கைத் தொங்கவிட்டுவிடுவார். நான்காவது ஆண்டு அந்தப் பக்கம் குட்டிகளுக்குப் பார்வோ வந்து, வரிசையாகச் செத்தன. ஊசி போட்ட பக்கத்துப் பட்டிக் குட்டிகள் நின்றுவிட்டன. அடுத்த முகாம் அன்று நாங்கள் போய்ச் சேரும்போது பாட்டி வழியிலேயே உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு குட்டி, கயிற்றில் இரண்டு நாய்.

"இதுக்கு மொதல்ல போடு சாமி, அப்புறம் மத்தவங்களுக்குப் போடலாம்" என்றார்.

குட்டிக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வெறிநோய் ஊசிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. மற்றதைப் போட்டுவிட்டு, அடுத்த தேதியைச் சாணம் மூட்டை கட்டும் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அவர் படிக்கத் தெரியாது என்றார். பேரனிடம் காட்டச் சொன்னேன். தேதி அன்று சரியாக வந்து நின்றார், அந்த அட்டையோடு.